பூரணை நாளில் ஒரு புதியவன்

68 ஆவது வயதில் ஒரு மனிதன் எந்தச் சபைக்காயினும் புதியவனாகச் சென்று நிற்பது இலேசான காரியமன்று. 35 வருட காலம் வகுப்பறையில் நின்று பிறருக்குக் கணிதம் போதித்தவன் நான். அப்படிப்பட்டவன், கண்டிக்கு அப்பால் ஒரு மலைக் கிராமத்துப் பன்சலையின் வாயிலிலே, ஒரு வைகறைப் பொழுதில், செருப்பை எங்கே கழற்றி வைப்பது, எந்தப் பக்கத்திற் பாய் விரித்து அமர்வது, கைகளை எப்பொழுது கூப்புவது, எப்பொழுது தாழ்த்துவது என்பன ஒன்றும் அறியாமல், முதன்முதலாகப் பாடசாலைக்கு வந்த பாலகனைப் போல விழித்துக்கொண்டு நின்றேன். என்னை அழைத்து வந்த அயல்வீட்டுக்காரர் முன்னே போய்விட்டார். வெள்ளாடை தரித்த மூதாட்டி ஒருவர் என் கையிலிருந்த செருப்பைக் கண்டு, படியோரத்தைச் சுட்டிக்காட்டி, "அங்கே வை, மல்லி" என்றார். மல்லி என்றால் தம்பி. என்னைத் தம்பி என்று அழைப்பதற்கு இவ்வுலகில் என் அக்கா ஒருத்தியைத் தவிர வேறொருவரும் இல்லை என்று நான் எண்ணியிருந்த காலம் அது.

நான் சைவன். பிறந்தது கொக்குவிலில். வீட்டிலே தேவாரம் ஓதாமல் எங்களுக்கு இராப் போசனம் கிடைத்ததில்லை. அத்தகையவன் பௌத்தருடைய கூட்டத்திற் போய் அமர்ந்த காரணத்தைச் சொல்லத்தான் வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மனைவி காலமானாள். அந்தியேட்டி முடிந்து, வந்தவர்களெல்லாம் திரும்பிப் போன பின்னர், இரவு 2 மணிக்கு மேல் எனக்கு நித்திரை அற்றுப் போயிற்று. விளக்கைப் போட்டுக்கொண்டு பழைய பரீட்சைத் தாள்களிலுள்ள கணக்குகளைச் செய்துகொண்டிருப்பேன். அயல்வீட்டுக்காரர் நில அளவையாளராக இருந்து இளைப்பாறியவர். என் ஜன்னலில் எரியும் வெளிச்சத்தைப் பல இரவுகள் அவர் கண்டிருக்கிறார். ஒரு நாள் வேலிக்கு அப்பால் நின்றபடி, "மாஸ்டர், வருகிற போயாவுக்கு எங்களோடு வந்து ஒரு நாள் சில் இருந்து பாருங்கள். நித்திரை வருமோ வராதோ எனக்குத் தெரியாது. ஆனால் தனியே விழித்திருக்க மாட்டீர்கள்" என்று சிங்களத்திற் சொன்னார். கடைசி வாக்கியந்தான் என்னை இழுத்துக்கொண்டு போயிற்று.

போயா தினம் எனக்குப் புதிதன்று. 1966 ஆம் ஆண்டு தொடக்கம் 1971 வரை இந்நாட்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நாளாக இருக்கவில்லை. சந்திரனின் கலைகளை ஒட்டி வரும் போயா நாட்களே வார விடுமுறை. அப்பொழுது நான் பள்ளிச் சிறுவன். எந்தக் கிழமையில் விடுமுறை வரும் என்று நாட்காட்டியைப் பார்த்தே அறிய வேண்டிய அந்தக் குழப்பம் எங்களுக்குப் பெரிய வேடிக்கை. ஆனால் அந்த விடுமுறை நாளில் வெள்ளை உடுத்தவர்கள் பன்சலையிற் காலை முதல் மாலை வரை என்ன செய்கிறார்கள் என்று ஐம்பது வருடமாக நான் கேட்டதே இல்லை. பக்கத்து வீட்டுக் கிணற்றின் ஆழத்தைப் போல, தெரிந்துகொள்ளத் தேவைப்படாத ஒரு விஷயமாக அது இருந்தது.

உடையைப் பற்றிக் கவலை இருக்கவில்லை. கோயிலுக்கு உடுக்கும் வெள்ளை வேட்டியும் சால்வையும் பன்சலைக்கும் பொருந்தும். நெற்றிதான் பிரச்சினையாயிற்று. குளித்தவுடன் வழக்கம் போலத் திருநீறு பூசிவிட்டேன். பன்சலைக்கு ஏறும் வளைவில், அயல்வீட்டுக்காரர் சற்று முன்னே நடந்துகொண்டிருந்தபோது, கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்தேன். துடைத்த கணத்திலேயே நாணம் பிடித்துக்கொண்டது. யாருக்குப் பயந்து துடைத்தேன்? ஒருவரும் துடைக்கச் சொல்லவில்லையே!

காலை 6 மணிக்குச் சில் சமாதானம் தொடங்கிற்று. ஏறக்குறைய நாற்பது பேர், பெரும்பாலோர் பெண்கள், பாதிப் பேர் என்னிலும் மூத்தவர்கள். தேரர் ஒரு சொற்றொடரைச் சொல்ல, சபையோர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலிற் புத்தர், தர்மம், சங்கம் ஆகிய மும்மணிகளிடத்தும் மும்முறை சரணடைதல். பின்பு எட்டுச் சீலங்கள். கொல்லாமை, களவாமை, அன்றைக்குப் பிரமசரியம், பொய்யாமை, மதுவை நீக்கல், நண்பகலுக்குப் பின் உண்ணாமை, ஆடல் பாடல்களையும் மாலை சாந்து முதலிய அலங்காரங்களையும் விலக்கல், உயர்ந்த ஆசனத்தையும் மெத்தையையும் துறத்தல் என்பன அவை. சாதாரண நாட்களில் இல்லறத்தாருக்கு ஐந்துதான்.

இவை கட்டளைகள் அல்ல என்பதை அன்றுதான் அறிந்தேன். "கொல்லாதே" என்று எவரும் ஆணையிடுவதில்லை. "கொல்லாமை என்னும் பயிற்சியை மேற்கொள்கிறேன்" என்று சொல்பவனே தனக்குச் சொல்லிக்கொள்கிறான். தவறினால் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த போயாவுக்கு மறுபடியும் எல்லோரும் அதே எட்டையும் எடுக்கத்தான் போகிறார்கள். கணக்கிற் பிழை விட்ட மாணவனைப் புதுத் தாளிலே தொடங்கச் சொல்லுவதைப் போல இருந்தது எனக்கு. சேர்ந்தவர் பெயரை எழுதும் இடாப்பும் இல்லை. முன்னைய சமயத்தைக் கைவிட்டேன் என்று சொல்லும் சடங்கும் இல்லை.

பாளி மொழியிலுள்ள அச்சொற்றொடர்களை அயல்வீட்டுக்காரர் முதல் நாள் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். நான் அவற்றைக் குறிப்புப் புத்தகத்திலே தமிழ் எழுத்தில் எழிதிக்கொண்டு போனேன். தமிழ் எழுத்தின் சிறப்பும் இடக்கும் வாசகர்கள் அறிந்தவை. நான்கு ககரத்துக்கும் ஓர் எழுத்து, நான்கு பகரத்துக்கும் ஓர் எழுத்து. அதை வைத்துக்கொண்டு முதற் சீலத்தைப் "பாணாதிபாதா" என்று தமிழ் வழக்கப்படி மெல்லொலியில் நான் உரத்துச் சொல்ல, எனக்குப் பின்னாலிருந்த இரண்டு சிறுமிகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். தேரரும் புன்னகை செய்தார். அடுத்த முறைக்கு, நம்முடைய தோத்திர நூல்களிற் செய்வது போல, எழுத்துக்களின் தலையில் 2, 3, 4 என்று சிற்றிலக்கம் போட்டுத் திருத்திக்கொண்டேன். அந்தப் புத்தகத்தைப் பிற்பாடு தேரர் வாங்கிப் பார்த்து, "இதிலும் கணக்குத்தானா, மாஸ்டர்?" என்றார்.

அன்றைய பகல் எப்படிக் கழிந்தது என்பதை முழுவதும் விவரிக்கப் போவதில்லை. காலை உணவு, புத்த பூசை, தேரரின் பண, கண்ணை மூடி மூச்சைக் கவனித்தல், மணல் பரப்பிய பாதையில் மெல்ல மெல்ல நடத்தல், 12 மணிக்கு முன் தானச் சோறு என நேரம் ஓடிற்று. மூச்சைக் கவனிப்பது குழந்தைப் பிள்ளையின் வேலை என்று எண்ணிய எனக்கு, பத்து மூச்சைத் தவறாமல் எண்ண முடியவில்லை. நான்காவதிலே மனைவி வந்து நின்றாள். ஆறாவதில் வங்கிக்குப் போக வேண்டிய வேலை. முழங்கால் வலி வேறு. பக்கத்தில் அந்த மூதாட்டி கற்சிலை போல அமர்ந்திருந்தார். பின்னேரம் 4 மணிக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. 5 மணியளவில் ஆவி பறக்கும் ஒரு பானத்தையும் ஒரு துண்டுக் கித்துள் கருப்பட்டியையும் தந்தார்கள். "பெலிமல்" என்றார்கள். ஒரு மிடறு குடித்த பின்னர்தான் விளங்கிற்று: பெலி என்பது வில்வம்; அது வில்வம்பூ அவித்த நீர். சிவனுக்கு உரிய மரத்தின் பூவைப் பன்சலை விறாந்தையில் இருந்து குடித்துக்கொண்டிருக்கிறேன்! காலையில் துடைத்த திருநீற்றின் நினைவு மீண்டும் வந்தது.

தர்ம சம்பாஷணையின் போது அதைக் கேட்டே விட்டேன். ஏழாம் சீலம் பூச்சுக்களை விலக்கச் சொல்கிறதே, திருநீறு அதில் அடங்குமா? சபை சற்றே அமைதியாயிற்று. தேரருக்கு நாற்பது வயது இருக்கலாம், பிரிவெனாவிற் கற்றவர். அவர், "அழகுக்காகப் பூசினால் விலக்க வேண்டும். நீங்கள் அதற்காகவா பூசுகிறீர்கள்? எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்" என்றார். பிறகு, "துடைத்ததைத்தான் நான் காலையிற் கண்டேன். அது எதற்காக என்பதையும் யோசித்துப் பாருங்கள்" என்று சேர்த்துக்கொண்டார். அடுத்த போயாவிலிருந்து நான் துடைக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். இச்சபைக்கு அந்நியராக வந்து சேர்ந்தவர்களின் வரலாறு மிகவும் சுவையானது. 1880 ஆம் ஆண்டு மே மாதம் 25 ஆம் திகதி, அமெரிக்கரான கேர்ணல் ஒல்கொட்டும் ருஷ்ய மாதாகிய பிளாவட்ஸ்கியும் காலியில் ஒரு விகாரையிற் பெருந் திரளான மக்களின் முன்னே பஞ்சசீலம் எடுத்தார்கள். வெள்ளைக்காரன் ஒருவன் பாளியில் இடறி இடறிச் சரணம் சொல்வதை அன்று கேட்டவர்கள் சிரித்தார்களோ அழுதார்களோ! 1911 இல் ஜேர்மனியரான ஞானதிலோக தேரர் தொடந்துவைக்கு அண்மையிலுள்ள ஏரித் தீவில் ஆச்சிரமம் அமைத்தார்; இரண்டு மகாயுத்தங்களிலும் அந்நிய நாட்டவர் என்று அவரைச் சிறைவைத்தார்கள். அவருடைய சீடரான ஞானபொனிக தேரர் யூத குலத்தவர். 1936 இல் இலங்கைக்கு வந்தார். கண்டி உடவத்தைக் காட்டினுள்ளே ஓர் ஆச்சிரமத்தில் இருந்துகொண்டு, 1958 இல் தோன்றிய பௌத்த நூல் வெளியீட்டுச் சபையின் மூலம் உலகெங்கும் நூல்களை அனுப்பி, 1994 இல் அவர் மறைந்தார். அந்தக் காட்டோரமாக நான் எத்தனையோ தரம் பாடசாலைக்கு நடந்து போயிருக்கிறேன். உள்ளே யார் இருந்தார் என்று அறியேன்.

தமிழரும் வந்திருக்கிறார்கள். சோழ நாட்டு உறையூரைச் சேர்ந்த புத்ததத்த தேரர் அநுராதபுரத்து மகாவிகாரையிற் கற்று, மீண்டும் காவிரிக் கரைக்குச் சென்று பாளியில் நூல் செய்தார் என்பது மரபு. பண்டிதர் அயோத்திதாசர் 1898 இல் ஒல்கொட்டுடன் கொழும்புக்கு வந்து பஞ்சசீலம் பெற்றுச் சென்று, சென்னையிற் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். டாக்டர் அம்பேத்கர் 1950 இல் உலக பௌத்தர் மாநாட்டுக்காகக் கண்டிக்கு வந்தவர். 1956 ஒக்டோபர் 14 இல் நாகபுரியிலே இலட்சக்கணக்கான மக்களுடன் பௌத்தத்தைத் தழுவினார். அயோத்திதாசருக்கும் அம்பேத்கருக்கும் இச்சேர்க்கை ஒரு வீட்டை விட்டு வெளியேறுதலாகவும் இருந்தது. தாழ்த்தி வைத்த சமூகத்துக்கு முதுகைக் காட்டுதலாகவும் இருந்தது. என்னுடைய நிலை வேறு. கொக்குவில் வெள்ளாளன் ஒருவன் தன்னை அவர்களோடு ஒப்பிட்டுப் பேசுவது நேர்மையாகாது. எனக்கு வெளியேற வேண்டிய வீடு இல்லை. உள்ளே நுழையத்தான் கால் கூசிற்று. கூசியதற்குக் காரணம் உண்டு.

1983 ஆம் ஆண்டு ஜூலை மாதம், கொழும்பில் நாங்கள் குடியிருந்த வாடகை வீடு எரிந்தது. மணமாகி ஒரு வருடந்தான். பின்வளவு மதிலுக்கு அப்பாலிருந்த சிங்களக் குடும்பம் எங்களை ஏணி வைத்து ஏற்றித் தங்கள் குசினி அறையில் ஒளித்து வைத்தது. ஜன்னற் சீலையின் இடுக்கால் நான் பார்த்தேன். மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தூக்கிச் சென்ற இளைஞனுக்கு என் மாணவர்களின் வயதுதான் இருக்கும். அவனுடைய முகம் எனக்கு நினைவில் இல்லை. வலக் கை மணிக்கட்டிற் கட்டியிருந்த வெள்ளை நூல் நினைவில் இருக்கிறது. அது பிரித் நூல். காப்பாக இருக்கட்டும் என்று ஓதி, பிக்கு ஒருவர் கட்டிவிட்ட நூல். அகதி முகாமிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம். சில ஆண்டுகள் கழித்து எனக்குக் கண்டியில் உத்தியோகம் கிடைத்தது. ஏணி வைத்தவர்களை மறக்காமல், ஆண்டுதோறும் தீபாவளிக்கும் அவர்களுடைய வருடப் பிறப்புக்கும் கடிதம் எழுதினோம். நூலைப் பற்றி என் மனைவிக்குக்கூட நான் சொன்னதில்லை.

மூன்றாவது போயாவின் முடிவில் தேரர் பிரித் ஓதி, பந்திலிருந்து நூலை அறுத்து ஒவ்வொருவர் கையிலும் கட்டிக்கொண்டு வந்தார். என் முறை வந்தபோது என் வலக் கை தானாக முதுகுக்குப் பின்னாற் போய்விட்டது. தேரர் ஒரு கணம் நின்றார். ஒன்றும் கேளாமல் அடுத்தவரிடம் போனார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அயல்வீட்டுக்காரரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

மைத்திரி பாவனையைப் பற்றி விளக்கியது அதற்கடுத்த போயாவில். அநுராதபுரத்தில் இருந்து புத்தகோஷர் செய்த விசுத்திமக்கம் என்னும் நூலைத் தேரர் கையில் வைத்திருந்தார். அன்பைப் பரப்புவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் தன்னிடத்து, பிறகு மதிப்புக்குரிய ஒருவரிடத்து, பிறகு மிக நேசித்தவரிடத்து, பிறகு வேண்டியவருமல்லர் வேண்டாதவருமல்லர் என்னும் படியான ஒருவரிடத்து, கடைசியில்தான் பகைவனிடத்து. கணித ஆசிரியனுக்கு இது பிடித்திருந்தது. எளிய கணக்கில் தொடங்கிக் கடினமானதற்குப் போகும் முறை.

நான் கண்ணை மூடி, நேசித்தவர் என்னும் படிக்கு வந்ததும், என் மனைவியை நினைத்தேன். நினைத்தேனேயன்றி மனம் ஓடவில்லை. மணலில் வார்த்த நீரைப் போல எங்கேயோ வற்றிப் போயிற்று. முடிந்த பின்னர் தேரரிடம் சொன்னேன். அவர் நூலைப் புரட்டி ஒரு கதையைக் காட்டினார். இளம் பிக்கு ஒருவர் தம் ஆசிரியரை நினைந்து மைத்திரி செய்தாராம். எவ்வளவு முயன்றும் கைகூடவில்லை. மூத்த தேரரிடம் போய் முறையிட, யாரை நினைக்கிறாய் என்று ஆராய்ந்து பார் என்றாராம் அவர். ஆராய்ந்தபோது ஆசிரியர் முன்னரே இறந்துவிட்டமை தெரிய வந்தது. இறந்தவரைக் குறித்து இப்பாவனையைச் செய்யலாகாது, செய்தாற் கைகூடாது என்பது விசுத்திமக்கத்தின் விதி.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சபையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அப்படியானால் அவளுக்கு நான் செய்யக் கூடியது ஒன்றுமில்லையா, ஹாமுதுருவனே?" என்று கேட்டேன். "உண்டு. அதற்கு வேறு வழி. உயிரோடு இருப்பவருக்குத் தானம் கொடுங்கள். அதன் புண்ணியத்தை அவருக்கு உரித்தாக்குங்கள். மைத்திரியை உயிரோடு இருப்பவர்களுக்காக வைத்திருங்கள், அவர்கள் அதிகம்" என்றார். மூதாட்டி தம் முந்தானைத் தலைப்பால் எனக்கு விசிறினார். மலைநாட்டின் மாலைக் குளிரிலே விசிறி எதற்கு? வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை போலும்.

கடைசிப் படியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகைவனிடத்து மனம் போக மறுத்தால் என்ன செய்வது என்பதற்கு அந்நூல் ஒன்றன்பின் ஒன்றாகப் பல உபாயங்களை அடுக்குகிறது. ஒன்று பயன்படாவிட்டால் அடுத்தது. அவற்றுள் ஒன்று என்னைத் தூங்கவிடாமற் செய்தது. யார் மீது கோபம் கொள்கிறாய்? அவனுடைய தலைமயிர் மீதா, நகத்தின் மீதா, பல்லின் மீதா, அவன் உடம்பிலுள்ள மண்ணின் மீதா, நீரின் மீதா? இப்படிப் பிரித்துப் பார்த்தாற் கோபம் நிற்பதற்கு இடம் கிடைக்காது என்பது அவர்களுடைய எண்ணம். நான் பிரித்துப் பார்த்தேன். மயிர் இல்லை, முகம் இல்லை. இருந்தது ஒரு நூல் மட்டுமே. நாற்பது ஆண்டாக ஒரு முழ நூலின் மீது நான் கோபமாக இருந்திருக்கிறேன். இது கோபத்தைக் குறைத்ததா என்றால், இல்லை. மனிதன் இல்லாத கோபம் இன்னும் பிடிவாதமானது. அந்த அடுக்கில் இறுதியாக வரும் உபாயம் மிக எளியது: கொடுப்பது, அல்லது அவனிடமிருந்து பெற்றுக்கொள்வது.

இதற்கிடையில் செய்தி கொக்குவிலுக்கு எட்டிவிட்டது. அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, நீ கோயிலை விட்டிட்டுப் பன்சலைக்குப் போறியாம். மெய்யே?"

"கோயிலை விடேல்லை, அக்கா. மாதத்திலை ஒரு நாள் அங்கை போய் இருக்கிறன்."

"அவங்கள் செய்ததெல்லாம் மறந்து போச்சோ? உனக்கு மறந்தாலும் எனக்கு மறக்காது. அம்மாவுக்கு ஆர் இனி எள்ளும் தண்ணியும் இறைக்கிறது?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த வருடம் என் மனைவியின் திவசம் சித்திரா பூரணையை அண்டி வந்தது. பக் போயாவும் அந்த நாளே. தாயை இழந்த சைவர்கள் எல்லோரும் விரதம் இருக்கும் நாள். எங்கள் கோயில்களிற் சித்திரபுத்திரனார் கதை படித்துக் கஞ்சி வார்ப்பார்கள். பன்சலையில் அந்தப் போயாவுக்குத் தானம் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை என்று அயல்வீட்டுக்காரர் சொன்னபோது, நான் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பின்புதான் எனக்குச் சமைக்கத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. அக்காவிடம் கேட்டேன். நெடு நேரம் பேசாதிருந்து, "எத்தினை பேருக்கு?" என்றார்.

அக்கா இரண்டு பைகளுடன் வந்து இறங்கினார். ஒன்றில் முருங்கைக்காயும் தாம் இடித்த தூளும். மற்றதில் தமக்கென்று தனியே ஒரு செம்பும் தட்டும். பன்சலைப் பாத்திரத்தில் உண்பதில்லை என்ற எண்ணம். வைகறை 3 மணிக்கு அடுப்பு மூட்டினோம். 12 மணிக்கு முன் எல்லாம் முடிய வேண்டும் என்று நான் அவசரப்படுத்த, "இது என்ன பரீட்சையோ?" என்று ஏசினார். அயல்வீட்டு அம்மையார் தேங்காய் துருவ வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்குச் சிங்களம் தெரியாது. உப்புப் போதுமா என்பதைக் கறியை உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்துத் தலையை ஆட்டித் தீர்த்துக்கொண்டார்கள். விரதகாரியாகையால் அக்கா தாம் ருசி பார்க்கவில்லை. அந்தப் பொறுப்பு முழுவதும் அயல்வீட்டு அம்மையாருடையது.

அன்றைய பணவில் தேரர் சொன்னது நாகதீபத்தின் கதை. புத்தர் இரண்டாவது முறை இலங்கைக்கு வந்ததை பக் போயாவில் நினைவுகூர்வது வழக்கம். மகோதரன், சூலோதரன் என்னும் இரண்டு நாக அரசர்கள், மாமனும் மருமகனும், ஒரு மணியாசனத்துக்காகப் போர் புரிய, நடுவே புத்தர் தோன்றி அவர்களைச் சமாதானப்படுத்தினார் என்பது மகாவம்சம் கூறும் வரலாறு. நான் மெல்ல அக்காவின் காதில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அவர் இடையில் மறித்து, "இது எங்கட மணிமேகலைக் கதையெல்லே?" என்றார். உண்மைதான். மணிபல்லவத்துப் புத்த பீடிகைக்காக இரண்டு நாக அரசர் போர் செய்த கதையைச் சாத்தனாரும் பாடியிருக்கிறார். மணிபல்லவம் நயினாதீவே என்று கொள்வோரும் உளர். அக்கா அதைச் சொன்ன குரல் சற்று உயர்ந்துவிட்டமையால் தேரர் நிறுத்தி, என்னவென்று கேட்டார். நான் சொன்னேன். ஹிஸ்ஸெல்லே தம்மரதன தேரர் தமிழ் கற்றுத் தென்னாட்டுப் பௌத்தத்தைப் பற்றி எழுதியதை அவர் சபைக்கு எடுத்துச் சொல்லி, "இன்றைக்குக் கதையின் மறு பாதியை அந்த அக்கா சொல்லட்டும்" என்றார். 73 வயதுப் பெண், வாழ்நாளிற் கால் வைத்திராத ஒரு மண்டபத்தில், மணிமேகலா தெய்வம் மணிமேகலையைத் தீவுக்குத் தூக்கிச் சென்றதிலிருந்து அமுதசுரபி கிடைத்தது வரை தமிழிற் சொன்னார். நான் சிங்களத்திற் சொன்னேன். அமுதசுரபியில் முதல் அன்னம் இட்டவள் ஆதிரை என்றபோது பெண்கள் பக்கத்திலிருந்து "சாது, சாது, சாது" என்று எழுந்தது. அக்கா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

தானம் முடிந்த பின் புண்ணியம் உரித்தாக்கும் கிரியை. தட்டின் நடுவே ஒரு சிறு கிண்ணத்தை வைத்துக் குடும்பத்தார் எல்லோரும் ஒரு கெண்டியைச் சேர்த்துப் பிடித்து, அது நிரம்பி வழியும் வரை நீர் வார்க்க வேண்டும். குடும்பத்தார் என்று நான் ஒருவனே இருந்தேன். மூதாட்டி வந்து அக்காவின் கையைப் பிடித்துக் கெண்டியில் வைத்தார். நீர் நிரம்பிக் கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டித் தட்டிற் பரவியது. "எள்ளுத்தான் இல்லை" என்று அக்கா முணுமுணுத்தார். பிறகு என் மனைவியின் பெயரையும், சற்றுப் பொறுத்து எங்கள் தாயின் பெயரையும் சொன்னார்.

பின்னேரம் அவர் என்னிடம், "இவையள் இனி ஒண்டும் சாப்பிடமாட்டினமோ? பாவம், கிழவியள்" என்றார். பெலிமல் கொடுத்தபோது வாங்கிக் குடித்தார். கொண்டு வந்த செம்பு பையிலேயே இருந்தது. அது வில்வம்பூ என்று நான் சொன்னதும், "எனக்கு மணத்திலேயே தெரியும்" என்றார்.

மாலை பிரித் முடிந்து, தேரர் நூலை அறுத்துக்கொண்டு வரிசையாக வந்தார். அக்கா அதைக் கண்டு, "கௌரிகாப்பு மாதிரித்தானே. எந்தக் கையிலை?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஐந்து மாதமாக வந்துகொண்டிருந்தும் அதை நான் கவனித்ததில்லை. மூதாட்டிதான் கையைக் காட்டினார். தேரர் அக்காவுக்கு நூலை விரலிற் படாமல் உள்ளங்கையில் இட, மூதாட்டி அதை முடிந்துவிட்டார்.

தேரர் என் முன் வந்து நின்றார். இம்முறை கை பின்னாற் போகவில்லை. மணிக்கட்டை நீட்டவும் இல்லை. உள்ளங்கையை விரித்தேன். அவர் நூலை அதில் வைத்துவிட்டு அப்பாற் சென்றார்.

மறுநாள் அக்கா கையிற் கட்டிய நூலுடனேயே யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினார். என்னுடையது குறிப்புப் புத்தகத்தில், சிற்றிலக்கம் போட்டு எட்டுச் சீலங்களையும் எழுதிய பக்கத்தில் இருக்கிறது.